மூக்கக்காவின் மாஸ்க்

மனிதர்களைப் பற்றி மூக்கக்காவுக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது. தினமும் குளிப்பார்கள், இஸ்திரி போட்ட சட்டை மாட்டுவார்கள், நரைத்த தலைக்கு மை அடிப்பார்கள், அக்குளுக்குக்கூட வாசனை அடித்துக்கொள்வார்கள். வாயை மட்டும் குப்பைத்தொட்டியாக வைத்திருப்பார்கள். அதையும் மூடி வைத்துத் தொலைக்க மாட்டார்கள், திறந்து திறந்து பேசுவார்கள்.

இந்த அபிப்பிராயம் ஒன்றும் காற்றில் வந்ததில்லை. பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பது அவள் வேலை. ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் பழுப்பும் பச்சையுமாகக் கல்லாய் இறுகிப்போன காறை, அதைச் சுரண்டும்போது தெறிக்கிற ரத்தம், சொத்தைக்குள்ளிருந்து புளித்துக்கொண்டு கிளம்புகிற வாடை, ஈற்றை அழுத்தினால் பழத்தின் அழுகல்போலப் பிதுங்கி வருகிற சீழ், எல்லாம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் நடக்கும். சாயங்காலமானால் குழாயின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவதும் அவள்தான். கட்டிக்கட்டியான ரத்தம், பல் தூள், பல் அடைப்பிலிருந்து உதிர்ந்த சிமென்ட், யாருடைய காலைச் சாப்பாடோ ஒரு துணுக்கு, அத்தனையும் கோழையில் ஊறிக் கொழகொழவென்று இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தட்டி விடுவாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் வேண்டும், என்ன பிழைப்போ.

மூக்கக்கா என்ற பெயரை வைத்தது ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பெண். நோயாளி வாயைத் திறந்து மூன்று வார்த்தை பேசினால் போதும், உள்ளே என்ன கோளாறு என்று அக்கா சொல்லிவிடுவாள். ஈறு வியாதிக்கு ஒரு நாற்றம், சொத்தைக்கு ஒன்று, ராத்திரி கழற்றிக் கழுவாத பல்செட்டுக்கு ஒன்று, சர்க்கரை ஏறினவர்களுக்கு அழுகிய பழம்போல வேறொன்று. டாக்டரம்மாவுக்கு வருஷம் முழுக்கத் தும்மலும் மூக்கடைப்பும். ஆகவே அவரும் எக்ஸ்ரே பார்ப்பதற்கு முன்னால் "மூக்கு என்ன சொல்லுது?" என்று கேட்பார். பெயரில் கிண்டல் இருந்தாலும் அக்காவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் கொஞ்ச காலமாக உலகமே மோசமாகிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் பத்துப் பேரில் நாலு வாய் நாறும். இப்போது காலையில் வருகிற முதல் ஆளிலிருந்து சாயங்காலம் போகிற கடைசி ஆள்வரை ஒருத்தர் பாக்கியில்லை. பால்பல் விழாத குழந்தை வந்தாலும் நாறுகிறது.

"ஜனங்க அழுகிக்கிட்டே வர்றாங்கடி. தண்ணியில ஏதோ கோளாறு" என்று ரிசப்ஷன் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இருக்கும்க்கா" என்றாள். அந்தப் பெண் இப்போதெல்லாம் தடுப்பைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. கொழுப்பு கூடிப்போச்சு என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் வேறு கதை.

அவள் புருஷனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான், பேசும்போது தோளில் கை போடாமல் இருக்கமாட்டான், அப்படிப்பட்ட ஆள். அந்த ஆள் சில மாதங்களாக முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறான். அவள் சமையலறையில் நின்றால் இவன் வாசல்நிலையோடு நின்றுவிடுகிறான். முதுகுவலி என்று சொல்லி சோபாவுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். அவள் கடித்து வைத்த பழத்தைப் பிடுங்கித் தின்கிறவன், அவள் குடித்த தம்ளரைக்கூடத் தொடுவதில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். திடீரென்று இரண்டு வேளையும் பல் தேய்க்க ஆரம்பித்தான். இரண்டு பேருக்கும் புது பிரஷ் வாங்கி வந்தான், கடையில் சும்மா கொடுத்தார்கள் என்றான். சட்டைப் பையில் புதினா மிட்டாய் சலசலத்தது. "நீயும் ஒண்ணு போட்டுக்கோயேன்" என்று நீட்டுவான், என்னமோ அவளுக்காகவே வாங்கின மாதிரி. இதுவரை ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத மனுஷன், அவள் எழுவதற்கு முன்னால் வாளியில் துணியை ஊறப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தான்.

எவளுடைய வாசனையைக் கழுவுகிறான்?

தன் மூக்கை அவள் அவன் சட்டைகள்மேல் ஏவிவிட்டாள். காலர், அக்குள், கைமடிப்பு, ஒன்றையும் விடவில்லை. கிரீஸ் நாற்றமும் வியர்வை நாற்றமும்தான் வந்தது. வேறெதுவும் வரவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாகத் துவைக்கிறான், பாவி.

அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள். மூக்கக்காவுக்கும் ஓர் அக்கா உண்டு.

"அடிப் போடி பைத்தியம்" என்றாள் அக்கா. "ஆம்பள இந்த வயசுல திடீர்னு ரெண்டு வேளை பல்லு தேய்க்கிறான்னா அது கட்டின பொண்டாட்டிக்காகவா இருக்கும்? நேராக் கேளு. ஆமான்னு சொன்னா பையத் தூக்கிட்டு இங்க வந்துடு."

பையைத் தயார் செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். சாயங்காலம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்த நாளன்று காலையில் ரொட்டியின் ஓரத்தைக் கடிக்கும்போது இடது கடைவாயில் சுருக்கென்றது. நாக்கில் உப்பும் கசப்புமாக ஏதோ பரவியது. பல நாளாகவே அந்தப் பக்கம் மெல்லுவதை அவள் விட்டிருந்தாள். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்க்காமல் துப்பிவிடுவாள். இதே காரியத்தைச் செய்கிற நோயாளிகளை அவள் வாய் கூசாமல் திட்டுவாள் என்பது வேறு விஷயம். ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மனசு பூராவும் சாயங்காலத்திலேயே இருந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் முக்கியமான வேலை, விசில் வாத்தியாருக்கு இம்ப்ளான்ட் வைப்பது.

விசில் வாத்தியார் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர். பல மாதங்களுக்கு முன் முதல்தடவையாக வந்தபோது, அவர் விசில் ஊதினால் முன்பல் இரண்டும் ஊஞ்சல் ஆடின. ஈறு முழுக்கச் சீழ். அன்றைக்கு மூக்கக்கா அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து, உதட்டைத் தூக்கி அவரையே பார்க்கவைத்தாள். "இந்த வாயை வச்சுக்கிட்டு வீட்டுல இருக்கறவங்க கூட எப்படிங்க பேசுறீங்க?" என்று கேட்டாள். காத்திருந்தவர்கள் காதில் விழுகிற மாதிரிதான் கேட்டாள். மனுஷன் தலையைத் தூக்கவில்லை. அந்த இரண்டு பல்லையும் எடுத்தார்கள். ஈறு ஆறும்வரை, எலும்பு தேறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தாடை எலும்பில் துளைபோட்டு ஒரு சின்ன உலோகத் திருகைப் பதித்து, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டபின் அதன்மேல் பல்லை மாட்டுவார்கள். வாய் சுத்தமாக இல்லாவிட்டால் திருகு நிற்காது, சீழ் பிடித்துக் கழன்று விழும்.

அதனால் மனுஷன் இத்தனை மாதமும் தவம் மாதிரி பல் தேய்த்திருந்தார். நாற்காலியில் சாயும்போதே அவளிடம் பெருமையாகச் சொன்னார். பல் இல்லாததால் காற்று இடையிடையே ஓடியது.

"நீங்க அன்னிக்குக் கேட்டீங்க பாருங்க, அது என்னைத் தூங்கவிடலை. வீட்டுக்குப் போய் சம்சாரத்துக்கிட்ட ‘என் வாய் நாறுதா’ன்னு கேட்டேன். ரொம்ப நாளா நாறுதுன்னா. ஏன்டி சொல்லலைன்னு கேட்டா, அழறா. இப்பப் பாருங்க, ரோஜாப்பூ."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றாள் மூக்கக்கா. ரோஜாப்பூவாம்.

மருந்துத் தண்ணீரால் கொப்பளிக்க வைத்தார்கள். மரப்பு ஊசி போட்டார்கள். நடுவில் ஓட்டை போட்ட நீலத் துணியால் முகத்தை மூடி, வாயை மட்டும் வெளியே தெரியவிட்டு, வாய் மூடாமல் இருக்கத் தாடைக்கு முட்டுக்கொடுத்தார்கள். டாக்டரம்மா கத்தியை எடுத்தார். மூக்கக்கா குழாயோடு குனிந்தாள். மாஸ்குக்குள் ஒரு நாற்றம் குப்பென்று ஏறியது.

சாதாரண நாற்றமில்லை. பழைய சீழ், செத்த எலி, பூசணம் பிடித்த துணி, எல்லாம் ஒன்றாய்.

"டாக்டர், நிறுத்துங்க" என்றாள். "இவருக்குச் சீழ் இருக்கு. நல்லாவே இருக்கு."

டாக்டரம்மாவின் கை நின்றது. "பார்த்தாச்சே, எல்லாம் சுத்தமா ஆறியிருக்கே."

"எனக்குத் தெரியும் டாக்டர். பொணம் மாதிரி நாறுது. இவரு பல்லே தேய்க்கிறதில்ல, சும்மா நம்மகிட்ட ரோஜாப்பூன்னு கதை விடறாரு."

துணிக்கு அடியில் கிடந்த மனிதரால் ஒரு வார்த்தை பேச முடியாது. வாய் முட்டுக்கொடுத்துத் திறந்தபடி கிடந்தது. தொண்டையில் மட்டும் ஏதோ சத்தம் வந்தது. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. நீலத் துணியின் ஓரம், காதுப்பக்கம், கொஞ்சம் நனைந்தது. மூக்கக்கா அதைப் பார்த்தாள். அழட்டும் என்று நினைத்தாள். அத்தனை அருவருப்பு.

டாக்டரம்மா மூக்கை நம்புகிறவர். ஒவ்வொரு பல்லாகக் குத்திப் பார்த்தார், ஈற்றை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மறுபடி பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

"இந்த வாயில ஒண்ணுமே இல்ல" என்றார். "காலையில வேற யாரோடதாவது உன் மாஸ்க்ல தெறிச்சிருக்கும். போய் வேற மாட்டிக்கிட்டு, கையைக் கழுவிட்டு வா."

மூக்கக்கா கருவிகளை வேகவைத்துச் சுத்தம் செய்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மாஸ்கைக் கழற்றி எறிந்தாள். தண்ணீரும் சூடான எஃகும் கலந்த வாசனை, நிம்மதியாக இருந்தது. பெட்டியிலிருந்து புதிது ஒன்றை எடுத்து மாட்டினாள். காகித வாசனை வந்தது. பார்த்தாயா, அந்த ஆள்தான் என்று சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுத்தான் சொன்னாள்.

சொன்னதும் நாற்றம் வந்தது.

அவள் மாஸ்கை இறக்கிவிட்டு வாஷ்பேசினை முகர்ந்தாள். குப்பைக் கூடையை முகர்ந்தாள். கோட்டின் கையை முகர்ந்தாள். பிறகு இன்னொரு மாஸ்கை மாட்டினாள். வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சுவிட்டாள். காகித வாசனைதான். நாள் முழுக்க மற்றவர்களிடம் சொல்கிற அந்த வார்த்தையைத் தனக்கே சொன்னாள்.

"வாயை நல்லாப் பெருசாத் திறங்க."

திறந்தாள். சாக்கடை மூடியைத் தூக்கின மாதிரி இருந்தது.

இடது கடைவாய்ப் பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தாள். ஆடியது. டாக்டரம்மா செய்வதைப்போலக் கன்னத்தின்மேல் விரலை வைத்து ஈற்றை அழுத்தினாள். காலையில் வந்த அதே உப்பும் கசப்பும் வெதுவெதுப்பாக நாக்கில் இறங்கியது. காலையில் அதைத் தண்ணீரோடு விழுங்கினது ஞாபகம் வந்ததும், வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள்.

வாந்தியெடுத்து நிமிர்ந்தபோது ஒன்றன்பின் ஒன்றாய் எல்லாம் வந்து நின்றது. கண்ணாடித் தடுப்பைத் தாண்டாத பெண். பால்பல் குழந்தை. புதினா மிட்டாய். சோபா. இரண்டு பிரஷ். உலகம் அழுகவே இல்லை. அவள்தான் தன் நாற்றத்தை மாஸ்கில் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் ஒவ்வொருத்தர் வாயிலும் வைத்திருக்கிறாள்.

அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. தோலை உரித்துப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. பின்கதவு திறந்துதான் இருந்தது. "ஒண்ணுமில்ல டாக்டர், மாஸ்க்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாலும் கேட்பார் இல்லை. ஆனால் உள்ளே ஒருத்தர் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதபடி கிடக்கிறார்.

உள்ளே போனாள். நாற்காலிக்கு நாலடி தள்ளியே நின்றாள்.

"டாக்டர், அவரு வாய் சுத்தமாத்தான் இருக்கு. நாத்தம் என்னோடது."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். அவள் துணிக்கு அடியில் இருந்தவருக்குக் கேட்கும்படி இன்னும் சத்தமாகச் சொன்னாள். "சார், உங்க வாயில ஒண்ணுமே இல்ல. என் வாய்தான் நாறுது. உங்களைப் போய்ச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

"நீ அங்கயே நில்லு" என்றார் டாக்டரம்மா. பிறகு ரிசப்ஷன் பெண்ணை அழைத்தார். அவசரத்துக்குக் குழாய் பிடிக்க அவளும் பழகியிருந்தாள். அவள் கையைக் கழுவிக் கையுறை மாட்டிக்கொண்டு மூக்கக்காவின் இடத்தில் உட்கார்ந்தாள். மூக்கக்கா சுவரோரம் நின்றாள். துளைபோடும் சத்தம், உறிஞ்சும் சத்தம், திருகு எலும்பில் இறங்கும்போது டாக்டரம்மா அடக்கிக்கொண்ட மூச்சு, எல்லாம் தூரத்திலிருந்து கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

விசில் வாத்தியார் பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து போகும்போது அவளைப் பார்த்தார். முகம் சுளித்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் நெஞ்சில் கை வைத்து தலையை ஒருதரம் அசைத்துவிட்டுப் போனார். அவளுக்குக் கூசிப்போயிற்று.

"வா, உக்காரு" என்றார் டாக்டரம்மா.

அவள் அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தன் வாயை இன்னொருத்தர் பார்ப்பது என்ற நினைப்பே அவளுக்கு அருவருப்பு. இப்போது உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள்.

"அம்மாடி" என்று டாக்டரம்மா தலையைப் பின்னால் இழுத்தார். "என் அடைச்ச மூக்குக்கே வருதே."

ஆழம் பார்க்கிற மெல்லிய கம்பி ஈற்றுக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. எக்ஸ்ரேயில் அந்தப் பல்லைச் சுற்றி எலும்பு இருக்க வேண்டிய இடம் கருப்பாகக் கிடந்தது.

"ஈறு வியாதி. எலும்பைத் தின்னுருச்சு. எத்தனை நாளா ஆடுது?"

"தெரியல டாக்டர்."

"உனக்கா தெரியாது?"

"எடுத்துட்டு இம்ப்ளான்ட் வச்சிடலாமா?" என்று கேட்டாள்.

"எதுல வைக்கிறது? களிமண்ணுல ஆணி அடிக்கச் சொல்றியா? முதல்ல எடுப்போம். மத்த ஈறெல்லாம் சுத்தம் பண்ணி, எலும்பு தேறுதான்னு பாப்போம். அதுக்கப்புறம் பேசலாம்." விசில் வாத்தியாரிடம் இதே வார்த்தைகளை அவள் எத்தனை எகத்தாளமாகச் சொல்லியிருந்தாள்.

பல்லைப் பிடுங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இடுக்கி தொட்டதும் வந்துவிட்டது. வேரின் நுனியில் சீழ்ப்பை ஒன்று திராட்சை விதை அளவில் தொங்கிக்கொண்டிருந்தது. எஃகுக் கிண்ணத்தில் விழுந்த அதைக் குனிந்து முகர்ந்து பார்த்தாள். மூக்கு பொய் சொல்லியதே இல்லை, விலாசத்தைத்தான் மாற்றிச் சொல்லியிருந்தது.

பல் இருந்த இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள், மாஸ்கைக் கழற்றவில்லை. வீட்டுக் கதவைத் திறந்தபோது குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. புருஷன் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தான். அவன் கசக்கிக்கொண்டிருந்தது அவனுடைய சட்டையை இல்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போகிற இன்னொரு நீலக் கோட்டு.

அவள் வாசல்நிலையோடு நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

அவன் கை நின்றது.

"என் வாய் நாறுதா?"

அவன் கோட்டைப் பிழிய ஆரம்பித்தான். பிழிந்த பிறகும் பிழிந்தான்.

"வேலையிலிருந்து ஒட்டிக்கிட்டு வருதுன்னு நெனச்சேன்" என்றான் கடைசியில். "எவன் வாய் நாத்தமோ உன் கோட்டுல ஏறிக்கிட்டு வருதுன்னு. துவைச்சு துவைச்சுப் பாத்தேன், போகல. அப்புறம்தான் புரிஞ்சுச்சு. புரிஞ்ச பிறகும் துவைச்சுக்கிட்டே இருந்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? சாப்பிட உக்காந்தா அவன் வாய் சாக்கடை, இவ வாய் பொணம்னு ஆரம்பிப்ப. வாயைச் சுத்தமா வச்சுக்கத் தெரியாதவன் மனுஷனே இல்லம்ப. உன்னைக் கொண்டுபோய் அந்த வரிசையில எப்படி நிறுத்தறது?"

அவள் மாஸ்கின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "உனக்கு வேற எவளோ இருக்கான்னு நெனச்சேன்" என்றாள்.

"கட்டிலுக்கு அடியில இருக்கிற பை அதுக்குத்தானா?"

"அக்கா வீட்டுக்குப் போறதுக்கு."

"வேற எவளாவது இருந்தா நான் ஏன்டி சோபாவுல படுத்து முதுகை ஒடிச்சுக்கிறேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயில் பஞ்சு இருந்ததால் சிரிக்க முடியவில்லை. மாஸ்கைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது.

"எழுந்து கிட்ட வா. வந்து உண்மையைச் சொல்லு."

அவன் எழுந்து வந்தான். பழக்கதோஷத்தில் முகம் ஒருபக்கம் திரும்பப் போனது. திருப்பாமல் நிறுத்திக்கொண்டான். அவள் பஞ்சை எடுத்துவிட்டு வாயைத் திறந்து, அவன் முகத்துக்கு நேராக ஒரு மூச்சு விட்டாள். ரத்தம், மருந்து, இத்தனை மாதத்துச் சீழ், எல்லாம் போய் அவன்மேல் அடித்தது.

"நாறுது" என்றான்.

"ரொம்பவா?"

"ரொம்ப" என்று சொல்லிவிட்டு, சோப்பு நுரை வழிகிற கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றான்.